ஸ்பேர் வந்துவிட்டது

1

போன வெள்ளிக்கிழமை மத்தியானம், ஜெபல் அலி கேம்பின் டிவி ஹால். வாரத்துக்கு ஒரு நாள் கிடைக்கிற ஓய்வு. பிரியாணி தின்ற மயக்கத்தில் ஆளாளுக்குச் சாய்ந்து கிடந்தோம். ரிமோட்டை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் ஒவ்வொரு சேனலாகத் தாண்டிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நின்றார். வெள்ளைவெளேரென்று ஐஸ் தரை. அதன்மேல் கைப்பிடி வைத்த ஒரு உருண்டைக் கல் வழுக்கிக்கொண்டு வருகிறது. கல்லுக்கு முன்னால் இரண்டு வெள்ளைக்காரர்கள் குனிந்துகொண்டு, ஆளுக்கொரு துடைப்பத்தால் தரையைத் தேய் தேய் என்று தேய்த்தபடி ஓடுகிறார்கள். இன்னொருவன் எதிர் முனையில் நின்று தொண்டை கிழியக் கத்துகிறான்.

"நம்ம சோலிய டிவியில காட்டுதானுவ பாருங்கடே" என்றார் அவர். ஹாலே உருண்டு சிரித்தது. "அந்தா கத்துதாம்லா, அவன்தான் ஃபோர்மேன்" என்றார் ஒருவர். "ஓவர்டைம் உண்டுமான்னு கேளும்" என்றார் இன்னொருவர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது ஒரு விளையாட்டு, பெயர் கர்லிங், இந்தத் துடைப்பத்தைப் பிடித்தே இருபது வருடத்தை ஓட்டிய ஒரு அமெரிக்கரோடு நான் வேலை பார்த்திருக்கிறேன் என்று வாயைத் திறந்தால் என்னையும் சேர்த்துச் சிரிப்பார்கள். எழுந்து ரூமுக்கு வந்துவிட்டேன்.

அவர் பெயர் டேல். இப்போது எந்த நாட்டில் இருக்கிறாரோ தெரியாது. துபாயில் கிடக்கிறவன் எதற்கு அமெரிக்கக்காரன் கதையைச் சொல்கிறான் என்று ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் கேட்கலாம். கேட்டுக்கொள்ளுங்கள். என் கதையை நேராகச் சொல்ல எனக்கு வாய் வராது. அவர் கதையைச் சொன்னால், கூடவே ஒட்டிக்கொண்டு அதுவும் கொஞ்சம் வரும்.

2

நான் குளச்சல் பக்கத்துக்காரன். ஐ.டி.ஐ.யில் ஏ.சி. மெக்கானிக் படித்தவன். கம்ப்ரசரைக் கழற்றிப் பிரித்து மாட்டுகிற வேலை. ஆனால் என் விசாவில் தொழில் என்ற இடத்தில் 'ஸ்வீப்பர்' என்று இருக்கிறது. நான் கிளம்புகிற சமயம் ஏஜெண்டிடம் மிச்சம் இருந்தது அந்த விசா ஒன்றுதான். "அங்க போயி மாத்திக்கிடலாம் தம்பி" என்றார். இங்கே வந்து கேட்டால், "மாஃபி" என்கிறார்கள். கிடையாது என்று அர்த்தம். அரபியில் நான் முதலில் கற்றுக்கொண்ட வார்த்தையும் அதுதான். ஸ்வீப்பருக்குக் குடும்ப விசா தரமாட்டார்கள். அதனால் ஸ்டெல்லாவும் மகன் பிரின்ஸும் ஊரில், நான் கேம்பில். ஒரு வார்த்தை ஒரு குடும்பத்தை எப்படிப் பிரிக்கும் என்று யாருக்காவது சந்தேகம் இருந்தால் என் லேபர் கார்டை வாங்கிப் பார்க்கட்டும்.

துபாயில் ஒரு பெரிய ஷாப்பிங் மாலுக்குள் ஐஸ் ரிங்க் வைத்திருந்தார்கள். வெளியே தார் உருகுகிற வெயில், உள்ளே பிள்ளைகள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சறுக்குவார்கள். அந்த ஐஸை உறைய வைக்கிற பிளான்ட் அடித்தளத்தில் இருந்தது. எனக்கு அங்கேதான் டியூட்டி. இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு வருடம், பிளான்ட்டைப் பார்த்துக்கொள்ள அமெரிக்காவிலிருந்து ஒரு இன்ஜினியரைக் கொண்டுவந்தார்கள். நாற்பது தாண்டிய ஆள். ஒல்லி. தோள் மட்டும் சுமை தூக்குகிறவர்களுக்கு இருப்பதுபோல அகலம்.

முதல் நாள், மரியாதைக்கு ஏதாவது பேச வேண்டுமே என்று, "முன்னால் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் சார்?" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன்.

"இருபது வருஷமா நான் ஸ்வீப்பர்" என்றார், சிரித்துக்கொண்டே.

எனக்குச் சுருக்கென்றது. எவனோ என் லேபர் கார்டைக் காட்டியிருக்கிறான், வந்த அன்றைக்கே நக்கல் பண்ணுகிறார் என்று நினைத்தேன். வெள்ளைக்காரனாவது, ஸ்வீப்பராவது. இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஸ்பேனர் கேட்டால் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்தேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. மூன்றாம் நாள் காலை, மால் திறப்பதற்கு முன்னால், ஒரு நீள உறைக்குள்ளிருந்து துடைப்பம் ஒன்றை உருவி எடுத்துக்கொண்டு ரிங்குக்குள் இறங்கினார். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

3

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். அவர் ஊர் கனடா எல்லை ஓரம். வருடத்தில் பாதி நாள் ஏரி உறைந்து கிடக்குமாம். ஊருக்கே ஒரு பேப்பர் மில். அதில் கூலிங் பிளான்ட்டில் இவருக்கு வேலை. மாலை ஆனால் கர்லிங் கிளப். ஒரு டீமுக்கு நாலு பேர். இவர்கள் டீமின் கேப்டன் பல் டாக்டர். அடுத்தவர் உரக்கடை வைத்திருந்தவர், மூன்றாமவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர், நாலாவது இவர். பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த காலத்திலிருந்து அதே நாலு பேர்.

இருபது கிலோ கருங்கல்லை ஐஸில் தள்ளி, தூரத்தில் வரைந்திருக்கும் வட்டத்துக்குள் நிறுத்த வேண்டும். அதுதான் ஆட்டம். இவர் 'லீட்'. அதாவது முதல் இரண்டு கல்லை இவர் விடுவார். அதோடு இவர் கல் முடிந்தது. பிறகு மற்றவர்கள் விடும் கல்லுக்கு முன்னால் ஓடி ஓடித் தேய்ப்பதுதான் இவர் வேலை. அப்படித் தேய்க்கிறவருக்குத்தான் அங்கே ஸ்வீப்பர் என்று பெயராம். தேய்த்தால் ஐஸ் லேசாக வழுவழுப்பாகி, கல் இன்னும் கொஞ்ச தூரம் போகும், கோணாமல் போகும். கேப்டன் கடைசிக் கல்லை விட்டு ஜெயித்தால் கைதட்டல் கேப்டனுக்கு. லீட் பெயர் பேப்பரில் வந்தால் எழுத்துப் பிழையோடு வரும் என்றார்.

"வருத்தமா இருக்காதா சார்?" என்று கேட்டேன்.

"எதுக்கு? நான் தேய்க்கலேன்னா அந்தக் கல் போய்ச் சேராது. அது எனக்குத் தெரியும். அந்த மூணு பேருக்கும் தெரியும். போதும்" என்றார்.

அவர்கள் வட்டார அளவில் பலமுறை ஜெயித்தவர்கள். நாட்டளவிலான போட்டிக்கும் பலமுறை போயிருக்கிறார்கள், ஒரு தடவைகூட முதலாவதாக வரவில்லை. ஒரு தடவை கிட்டத்தட்ட வந்துவிட்டார்கள். அப்போது ஓடுகிற கல்லில் இவர் துடைப்பம் பட்டுவிட்டது. யாரும் பார்க்கவில்லை. ஆனால் அந்த ஆட்டத்தில் தப்பு செய்தவனே கையைத் தூக்கிச் சொல்லிவிட வேண்டுமாம். இவர் சொன்னார். கல்லை எடுத்துவிட்டார்கள். தோற்றார்கள். ஊர் திரும்புகிற எட்டு மணி நேரக் கார் பயணத்தில் மூன்று பேரில் ஒருவர்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்றார். இதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. தோற்றதற்குக் கலங்கவில்லை, அவர்கள் பேசாமல் இருந்ததற்குக் கலங்கினார்.

மில்லை மூடிவிட்டார்கள். மனைவியும் பிரிந்து போய்விட்டார். அறுபது மைல் சுற்றளவில் கூலிங் பிளான்ட் வேலை எதுவும் இல்லை. அதனால்தான் இந்தப் பாலைவனத்துக்கு இரண்டு வருட கான்ட்ராக்ட். வரும்போதே ஒரு நிபந்தனை போட்டு வந்திருந்தார். அடுத்த குளிர்காலத்தில் ஒலிம்பிக்குக்கு ஆள் எடுக்கிற போட்டி. அதற்கு இவர்கள் டீம் தகுதி பெற்றிருந்தது. நாலு பேருக்கும் வயது ஏறிவிட்டது, இனி ஒரு தடவை கிடைக்காது. அதற்கு மட்டும் மூன்று வாரம் லீவு தந்துவிட வேண்டும். கம்பெனியும் சரி என்றது. சரி என்றது வாயால்.

4

தினமும் காலை மால் திறக்குமுன் அவருக்குப் பயிற்சி. துபாயில் கர்லிங் கல்லுக்கு எங்கே போவது? ஃபுட் கோர்ட்டின் வெளிப்பக்கம் குடை நட்டு வைத்திருக்கும் வட்டமான கருங்கல் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தேன். அது வழுக்கவில்லை, ஐஸில் ஒட்டிக்கொண்டது. "ஐஸ்மேல தண்ணிப் புள்ளி வைக்கணும்" என்றார். மாலின் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற பூவாளியை எடுத்துக் கொடுத்தேன். பின்பக்கமாக நடந்தபடியே தெளித்தார். புள்ளி புள்ளியாக உறைந்தது. அதன்மேல் கல்லைத் தள்ளினேன், போயிற்று. அன்றைக்குச் சறுக்க வந்தவர்கள் தரை கரடுமுரடாக இருக்கிறது என்று புகார் செய்து, மேனேஜர் என்னைப் பிடித்துக் காய்ச்சினார். அதற்குப் பிறகு ஓரத்தில் ஒரு கீற்றில் மட்டும் தெளித்துக்கொண்டோம்.

நான் தள்ளுவேன், அவர் தேய்ப்பார். கேப்டன் கத்துகிற மாதிரி நானும் கத்த வேண்டுமாம், அப்போதுதான் வேகம் வருமாம். எனக்குத் தெரிந்த கத்தல், சைட்டில் சீக்கிரம் சீக்கிரம் என்று ஃபோர்மேன் விரட்டுகிற கத்தல்தான். "யல்லா, யல்லா, ஜல்தி பாய்" என்று கத்துவேன். அவர் தேய்த்துக்கொண்டே சிரிப்பார். மூச்சு வாங்க எழுந்து நிற்கும்போது அந்த முகத்தில் இருக்கும் சந்தோஷத்தை, பிளான்ட் ரூமில் நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை தோறும் நான் ஃபோன் கார்டு சுரண்டி ஊருக்குப் பேசுவேன். அந்த வருடம் பிரின்ஸ் நாலாம் வகுப்பு. இங்கிலீஷ் மீடியம். ரிசீவரை வாங்கினால், "ஹலோ டாடி, ஃபைன் டாடி, ஹோம்வொர்க் இருக்கு டாடி" என்று மூன்று வரி. அதற்குள் அம்மாவிடம் கொடுத்துவிடுவான். "தமிழ்ல பேசு மக்ளே" என்றால், "ஸ்கூல்ல ஃபைன் போடுவாங்க" என்பான். வீட்டில் பேசினால் எந்த ஸ்கூல் ஃபைன் போடும்?

மற்றதெல்லாம் ராபின்தான். ராபின் ஸ்டெல்லாவின் தம்பி, ஜங்ஷனில் செல்ஃபோன் கடை. பிரின்ஸுக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்கு ராபின், ஸ்கூல் மீட்டிங்குக்கு ராபின், மோட்டார் ரிப்பேர் என்றால் ராபின். நல்ல பையன். குறை சொல்ல ஒரு இடம் வைக்கமாட்டான். அதுதான் எனக்குக் கடுப்பு.

"மே மாசம் பிரின்ஸுக்குப் புதுநன்மை. நீங்க வருவியளா?" என்று ஸ்டெல்லா கேட்டாள். பிள்ளை முதல் தடவை நற்கருணை வாங்குகிற நாள். எங்கள் பக்கம் அது கல்யாணத்துக்குச் சமம்.

"வராம?" என்றேன்.

"லீவு கெடைக்கலன்னா வெசனப்படாண்டாம். ராபின் நிக்கியாம்லா, அவன் பாத்துக்கிடுவான்."

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். ஃபோனை வைத்த பிறகும் அது காதுக்குள்ளேயே கிடந்தது.

5

டேல் கிளம்ப இரண்டு மாதம் இருக்கும்போது பெரிய கம்ப்ரசர் படுத்துவிட்டது. சுழலுகிற தண்டைச் சுற்றி வாயு கசியாமல் இறுக்கிப் பிடிக்கிற ஒரு வளையம் உண்டு, அதற்கு ஷாஃப்ட் சீல் என்று பெயர். அது போய்விட்டது. உள்ளங்கை அகலச் சாமான்தான், ஆனால் அது இல்லாமல் மெஷின் ஓடாது. சின்ன கம்ப்ரசரை வைத்துக்கொண்டு ஐஸை ஒப்பேற்றினோம். ஷாப்பிங் சீசன் வேறு. மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

டேல் லீவை ஞாபகப்படுத்தினார். மேனேஜர் கேட்ட கேள்வியை கல்ஃபில் இருக்கிற எல்லாரும் ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள்: "உனக்கு ரீப்ளேஸ்மென்ட் யார்?" அப்பனுக்குச் சாவு என்று போய் நின்றாலும் முதலில் அதுதான் வரும்.

"வார்த்தை கொடுத்திருக்கீங்க" என்றார் டேல்.

"கொடுத்தேன், இல்லேன்னு சொல்லல. ஸ்பேர் வரட்டும், மாட்டு, மெஷின் ஓடட்டும், அன்னைக்கே போ. அவ்வளவுதான், கலாஸ்" என்றார் மேனேஜர். எங்களுடையதைப் போலவே அவர் பாஸ்போர்ட்டும் கம்பெனி அலமாரியில் இருந்தது. அமெரிக்க பாஸ்போர்ட் என்றாலும் அலமாரி அலமாரிதான்.

அன்றிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் வாயில் ஒரே வார்த்தை, ஸ்பேர். காலையில் வந்ததும், "ஸ்பேர் வந்துச்சா?" சாயங்காலம் கிளம்பும்போது, "ஸ்பேர் என்னாச்சு?" விமானத்தில் வர வேண்டியதை எவனோ கப்பலில் ஏற்றிவிட்டிருந்தான். ஒரு வழியாக ஜெபல் அலி போர்ட்டுக்கு வந்து சேர்ந்தது. நான் தூங்குகிற கேம்பிலிருந்து பார்த்தால் போர்ட் கிரேன் தெரியும். அங்கே வந்து அது நின்றுவிட்டது.

ஏன் நின்றது தெரியுமா? கஸ்டம்ஸுக்குக் காகிதம் அரபியில் இருக்க வேண்டும். எங்கள் ஆபீஸ் ஆள் ஒரு டைப்பிங் சென்டரில் கொடுத்திருக்கிறார். அங்கே உட்கார்ந்திருந்த புண்ணியவான் 'சீல்' என்பதைப் பார்த்து, ஆபீஸில் குத்துகிற முத்திரை என்று அரபியில் அடித்துவிட்டார். முத்திரையை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதென்றால் சும்மாவா? எந்த இலாகாவின் முத்திரை, யார் அனுமதி, எதற்கு என்று கஸ்டம்ஸ் குடைய ஆரம்பித்துவிட்டது. அந்த டைப்பிங்காரரைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை. நம் ஊர் தாலுகா ஆபீஸிலும் சீல் என்றால் அதுதானே. நானும் அப்படித்தான் அடித்திருப்பேன்.

ஆபீஸ் ஆளோடு நானும் இரண்டு தடவை போர்ட்டுக்குப் போனேன். பழைய சீலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய், கவுண்டரில் இருந்தவரிடம் காட்டி, "திஸ் மெஷின் சீல், நோ பேப்பர் சீல்" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் அதை வாங்கி ஒரு காகிதத்தில் குத்திப் பார்த்தார். எண்ணெய்க் கறை வட்டமாக விழுந்தது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, ஆனாலும் காகிதத்தை மாற்றிக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார். மாற்றினால் மேனேஜர் கையெழுத்து, அப்புறம் அமெரிக்காவிலிருந்து புது இன்வாய்ஸ், அப்புறம் வெள்ளி சனி லீவு.

டேல் காலைப் பயிற்சியை மட்டும் நிறுத்தவில்லை. ஐஸ் மெதுமெதுவென்று ஆகிவிட்டது. குடைக்கல் பாதியில் நின்றுவிடும். அவர் நின்ற கல்லுக்கு முன்னால் தேய்த்துக்கொண்டே இருப்பார்.

6

அந்தக் காலையில் நான் பிளான்ட் ரூமுக்குள் நுழையும்போது அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் ஏதோ மெயில். ஸ்கிரீனைப் பார்த்தபடியே சொன்னார்:

"தே ஃபவுண்ட் அ ஸ்பேர்."

ஸ்பேர் கிடைத்துவிட்டது. எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றேன். ஓடிப்போய் அவர் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினேன். "கங்கிராஜுலேஷன்ஸ் சார். இனி நோ டென்ஷன். யூ கோ ஹோம். வெரி குட் ஸ்பேர், சார். ஒரிஜினல்தானே?" என்று வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். பக்கத்து ரூமில் இருந்த ஆபீஸ் ஆளுக்கும் கேட்கட்டும் என்று, "ஸ்பேர் வந்தாச்சு" என்று கத்தினேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. எங்கிருந்து சொல்ல ஆரம்பிப்பது என்று தெரியாத முகம். கையை உருவிக்கொள்ளவும் இல்லை.

"கம்ப்ரசருக்கு இல்ல, டோனி" என்றார். என் பெயர் அந்தோணி, அவருக்கு டோனி. "எனக்கு."

கர்லிங்கில் ஒரு ஆள் வர முடியாமல் போனால் அவருக்குப் பதிலாக இறக்குகிற ஆளுக்கு ஸ்பேர் என்று பெயராம். இவர் வந்து சேருவாரா மாட்டாரா என்று தெரியாமல் அந்த மூன்று பேரும் எத்தனை நாள் காத்திருப்பார்கள்? கேப்டனின் தங்கை மகனைச் சேர்த்துக்கொண்டார்களாம். இளவட்டம், நல்ல தோள். "உனக்கு நெருக்கடி வேண்டாம், நிம்மதியா வேலையைப் பாரு" என்று எழுதியிருந்தார் அந்தப் பல் டாக்டர். அன்பாகத்தான் எழுதியிருந்தார். அதை டேல் எனக்கு வாசித்துக் காட்டினார்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. செத்த வீட்டில் போய் வாழ்த்துச் சொன்னவன் மாதிரி நின்றேன். "சாரி சார், சாரி சார்" என்றேன். "விடு. ஒரே வார்த்தைதானே" என்றார் அவர். இரண்டு பேரும் சின்ன கம்ப்ரசரின் பிரஷரைப் பார்க்க எழுந்து போனோம்.

7

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நாலாவது நாள் கஸ்டம்ஸ் சாமானை விட்டுவிட்டது. சாயங்காலத்துக்குள் மாட்டிவிட்டோம். பெரிய கம்ப்ரசர் ஒரே மூச்சில் ஓடியது. மேனேஜர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அலமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார். போட்டிக்கு இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது. அன்றே விமானம் ஏறினால் தாராளமாகப் போய்ச் சேரலாம்.

"போங்க சார். நீங்க இருக்கும்போது அந்தப் பையன் எதுக்கு?" என்றேன்.

அவர் ஆபீஸ் ஃபோனில் ஊருக்குப் பேசினார். நான் பக்கத்திலேயே நின்றேன். "ஆமா. புரியுது. இல்ல, இல்ல, அதுதான் சரி" என்று இவர் சொன்னது மட்டும் கேட்டது. பையன் அவர்களோடு பயிற்சி எடுத்து, கை கால் ஒத்து வந்துவிட்டதாம். பெயரும் கொடுத்தாகிவிட்டது. இனி மாற்றினால் ஆட்டம் குலையும். வேண்டுமானால் நீயும் வா, எங்களோடு இரு, நீ பார்க்க வந்தால் எங்களுக்குச் சந்தோஷம் என்றார்களாம்.

அவர் போகவில்லை. பாஸ்போர்ட்டை மேனேஜரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். காலைப் பயிற்சியும் அன்றோடு நின்றது. பூவாளியைச் செடிக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன், "எங்கயா போச்சு இத்தன நாளா?" என்று வசவு வாங்கிக்கொண்டேன்.

அவர்கள் தோற்றுவிட்டார்கள். முழு ஆட்டமும் ஆடவில்லை. அந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் இருக்கிறதாம். இனி ஜெயிக்க வழியில்லை என்று தெரிந்துவிட்டால், கடைசிவரை இழுத்தடிக்காமல், கையுறையைக் கழற்றிவிட்டு எதிராளியிடம் தானே போய்க் கை கொடுத்துவிட வேண்டும். அதுதான் மரியாதை. கேப்டன் கை கொடுத்துவிட்டார் என்று மெயில் வந்திருந்தது.

"நீங்க போயிருந்தா ஜெயிச்சிருப்பாங்க சார்" என்றேன், ஆறுதலுக்கு.

"இல்ல. நான் போயிருந்தாலும் தோத்திருப்போம். எதிர் டீம் அப்படி" என்றார். ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். "தோக்கும்போதாவது கூட இருந்திருக்கலாம், டோனி. கார்ல திரும்பி வந்திருக்கலாம்."

கான்ட்ராக்ட் முடிந்ததும் ஊருக்குப் போய்விடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. மேனேஜருக்கு ரொம்பச் சந்தோஷம், ரீப்ளேஸ்மென்ட் தேட வேண்டாம் பாருங்கள். அதற்குப் பிறகு அவர் வேறு எங்கோ ரிங்க் கட்டுகிறார்கள் என்று போனார். நாடு எது என்று ஆளுக்கு ஒன்றாகச் சொன்னார்கள்.

8

எனக்கு அந்த வருடம் மே மாதம் லீவு ஒரு தடையும் இல்லாமல் கிடைத்தது. அதுவே அதிசயம். பிரின்ஸுக்குக் கோட்டு, ஷூ, ஸ்டெல்லாவுக்குப் புடவை, ராபினுக்கும் ஒரு வாட்ச் வாங்கிக்கொண்டு போனேன்.

எங்கள் கோயிலில் புதுநன்மை வாங்குகிற பிள்ளைகள், கையில் மெழுகுதிரியோடு, அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் வர, ஜோடி ஜோடியாகப் பீடத்துக்கு நடந்து போவார்கள். சில வாரமாக ஒத்திகை நடந்திருக்கிறது. ஸ்டெல்லா பாட்டுக் குழுவில் நிற்பதால் ஒத்திகைக்கெல்லாம் ராபின்தான் போயிருக்கிறான். காலையில் வாசலில் வரிசை நிற்கும்போது, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்துகிற சிஸ்டர் என்னைப் பார்த்தார். புதிதாக மாற்றலாகி வந்தவர்.

"நீங்க யாரு, பிள்ளைக்கு?"

"அப்பா, சிஸ்டர்."

"அப்படியா, துபாய்லருந்து வந்தாச்சா? சந்தோஷம்" என்றார். கொஞ்சம் யோசித்தார். "ஒத்திகைக்கு வந்தவங்க நின்னா பிள்ளைக்குக் குழப்பம் வராது. ஆனா நீங்க அப்பா. உங்க இஷ்டம்."

ராபின் கூச்சப்பட்டுக்கொண்டு பின்னால் போய்விட்டான். "அத்தான், நீங்க நில்லுங்க. நான் சும்மா உங்களுக்குப் பதிலாத்தான் வந்தேன்" என்றான்.

நான் நின்றேன். பிரின்ஸின் வலது பக்கம் நின்றேன். "டாடி, நாட் திஸ் சைடு" என்றான் மெதுவாக. இடது பக்கம் மாறினேன். திரியை நான் வாங்கிப் பிடிக்கப் போனேன். "நான்தான் பிடிக்கணும்" என்றான். வரிசை நகர ஆரம்பித்தது. எத்தனையாவது வரி பாட்டில் நாங்கள் கிளம்ப வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டேன், முன்னால் போகிறவர்கள் இன்னும் நகரவில்லை. பிள்ளையின் கையில் திரி சாய்ந்து சுடர் குறுகியது. அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி, எனக்குப் பின்னால், தூண் பக்கத்தில் ராபின் எங்கே நிற்கிறான் என்று தேடினான். அழப் போகிற முகம்.

பாட்டு இன்னும் முடியவில்லை. பீடம் வரைக்கும் பாதி தூரம்கூடப் போகவில்லை. நான் வரிசையிலிருந்து விலகி, ராபினைக் கூப்பிட்டேன். "நீ வா டே. நீயே நில்லு" என்றேன். அவன் மாட்டேன் என்றான். "பிள்ளைக்குத் திரி அணையப் போகுது, வா" என்று இழுத்து விட்டேன். பிரின்ஸின் தோள் இறங்கியது. முகம் தெளிந்துவிட்டது. இரண்டு பேரும் சரியான இடத்தில், சரியான அடியில் நடந்து போனார்கள். நான் தூண் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவ்வளவு அழகாக நடந்தான் என் பிள்ளை.

லீவு முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. கம்பெனியிலிருந்து சீக்கிரம் வரச்சொல்லி ஃபோன் வந்தது என்று அன்று சாயங்காலம் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அப்படி ஃபோன் எதுவும் வரவில்லை. வீட்டு முன் பந்தலில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். எதற்கு, என்ன அவசரம், இருந்துவிட்டுப் போகக்கூடாதா என்று ஏதாவது கேட்பாள் என்று நினைத்தேன்.

"அப்ப நீங்க கொண்டுபோற மீன் ஊறுகாய நாளைக்கே போட்டுரணும்" என்றாள்.